நாலு மீட்டர் கயிறு

காலை எட்டரைக்கே லிஃப்ட் மெக்கானிக்கும் அவர் மனைவியும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சோதனைக்கூடத்து நடையில் மூன்று நாற்காலிகள். மெக்கானிக் கதவோரம் இருந்தார். மனைவி நடு நாற்காலியைக் காலியாக விட்டு, சுவரோரத்தில் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பதிவக்கா சாவிக்கொத்தோடு படியேறி வந்தபோது இருவரும் சொல்லிவைத்தாற்போல ஒரே நேரத்தில் எழுந்தார்கள். தன்னோடு அவரும் எழுந்துவிட்டது தெரிந்ததும் மனைவி மட்டும் மறுபடி உட்கார்ந்தாள்.

"சோதனை பதினோரு மணிக்குத்தாங்க," என்றாள் பதிவக்கா. "அதுக்குள்ள ஏதாவது சாப்பிட்டு வந்துடுங்களேன்."

"சாப்பிட்டாச்சு மேடம்," என்றார் மெக்கானிக்.

"நான் சாப்பிடலை," என்றாள் மனைவி, பதிவக்காவை மட்டும் பார்த்து. "பரவாயில்லை. இருக்கேன்."

பதிவக்காவுக்கு அலுவலகத் தாள்களில் வேறு நீளமான பதவிப் பெயர் உண்டு. பதினெட்டு வருஷமாக அந்தக் கூடத்தில் எது உடைந்தாலும், நொறுங்கினாலும், அறுந்தாலும் அதை எண்களாக்கிக் கணினிக்குள் கொண்டுவந்து சேர்ப்பவள் என்பதால் பதிவக்கா. வயதில் மூத்த தலைவர்கூட, கோபம் வரும் நேரம் தவிர, அப்படித்தான் கூப்பிட்டார்.

விஷயம் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஐந்து மாதத்துக்கு முன் ஒரு காகிதக் கிடங்கில் சரக்கு லிஃப்டின் கயிறு அறுந்து, உள்ளே நின்று கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் நாலாம் மாடியிலிருந்து லிஃப்டோடு விழுந்து இறந்துபோனான். மெக்கானிக்கின் மனைவிக்கு அவன் தம்பி. கூடப் பிறந்தது அவன் ஒருவன்தான். கிடங்கு வேலையை அவனுக்கு வாங்கிக்கொடுத்தது மெக்கானிக். விபத்துக்கு ஒன்பது நாள் முன்னால் அந்தக் கயிற்றைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் அவரே. அன்றிலிருந்து அவள் அவரோடு நேராகப் பேசுவதில்லை. சமைத்து மூடி வைப்பாள். சொல்ல வேண்டியது இருந்தால் பக்கத்து வீட்டம்மாவிடம் அவர் காதில் விழும்படி சொல்வாள். இதையெல்லாம் பதிவக்காவுக்குச் சொன்னது அவளேதான். சோதனை என்றைக்கு என்று கேட்டு மூன்று முறை தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாள். மூன்றாம் முறை, தேதியைக் குறித்துக்கொண்ட பிறகும் வைக்காமல் இருந்து, "எனக்குக் கோர்ட்டு கேஸெல்லாம் வேணாம் மேடம். அவர் சரியா பார்க்காம விட்டாரா, இல்ல பார்த்தாலும் தெரியாததான்னு எனக்குத் தெரிஞ்சா போதும். ஒரே வீட்டுக்குள்ள இருக்கணும்ல," என்றாள். பதிவக்கா அதற்கு என்ன பதில் சொன்னோம் என்று பிறகு யோசித்துப் பார்த்தாள். "கண்டிப்பா தெரிஞ்சுடும்" என்று சொல்லியிருந்தாள்.

எஃகுக் கயிறு என்பது வெளியே ஆறு புரி, நடுவே மறைந்து ஒரு புரி. ஒவ்வொன்றிலும் பத்தொன்பது கம்பி. வெளிக்கம்பி அறுந்தால் கைக்கே தெரியும். மெக்கானிக்குகள் பழைய பனியன் துணியால் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு லிஃப்டை மெதுவாக ஓடவிடுவார்கள். ஒரு கம்பி அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் துணி மாட்டும். அன்றைக்குத் துணி மாட்டவில்லை என்பது மெக்கானிக் சொன்னது. மசகில்லாமல் வெளிக்கம்பிகள் துருவேறி ஒவ்வொன்றாக அறுந்திருக்கின்றன, பார்க்கிறவர் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்பது கயிறு செய்த கம்பெனி சொன்னது. விபத்து விசாரணையின் முதல் அறிக்கையும் அதையே சொல்லி, தப்பை மெக்கானிக் மேல் வைத்தது. உள்புரி முதலில் போயிருந்தால் எந்தத் துணிக்கும் எந்தக் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. விபத்தில் அறுந்த முனைகள் நசுங்கிப்போயிருந்தன. மீதிக் கயிற்றில் இரண்டு துண்டுகளை வேறு இடங்களில் இழுத்துப் பார்த்துவிட்டார்கள். கயிறு பலவீனம் என்று தெரிந்தது, எங்கிருந்து பலவீனம் என்று தெரியவில்லை. மிஞ்சியது ஒரு நாலு மீட்டர்.

ஒவ்வொரு கம்பியும் அறுகிறபோது ஒரு சத்தம் விட்டுப்போகும். வெளிக்கம்பியின் சத்தம் சுள்ளென்று இருக்கும். உள்கம்பியின் சத்தம் மற்றக் கம்பிகளுக்குள் புகுந்து வருவதால் மழுங்கி வரும். கயிற்றில் நாலு இடத்தில் ஒட்டிய சென்சார்கள் அதைக் கேட்க, கணினியில் செருகிய ஒரு கார்டு ஒவ்வொன்றையும் நொடிக்கு ஒரு கோடி முறை அளந்து எண்ணாக்கும். ஆக நொடிக்கு நாலு கோடி எண். அளப்பதில் சிரமமில்லை, கார்டு அதுபாட்டுக்கு அளந்து தள்ளிக்கொண்டே இருக்கும். கணினி வாங்கிக்கொள்ள வேண்டுமே. அது வேறு ஏதோ சில்லறை வேலையாகத் திரும்பினால்கூடப் போதும், அந்த இமைப்பொழுதில் வந்த எண்கள் போனவைதான். கயிறு அறுவது அந்த இமைப்பொழுதாக இருந்துவிட்டால் அதைத் திரும்பக் கேட்டு வாங்க முடியாது.

மூன்று வாரம் பதிவக்கா அந்த ஓட்டையைத் தேடினாள். கேபிளை மாற்றினாள், கார்டை வேறு துளையில் செருகினாள், டிஸ்க்கை மாற்றினாள், வைரஸ் தேடும் நிரலைத் தூக்கிக் கடாசினாள். அப்படியும் சில நிமிஷத்துக்கு ஒருமுறை சில ஆயிரம் எண்கள் காணாமல் போயின. அவள் தூக்கத்தில் எண்ணுவதாக மகள் சொன்னாள். இழுவை எந்திரத்தை ஓட்டுகிறவர், கூடத்துக்கு இழுவையண்ணன், ஒவ்வொரு காலையும் எட்டிப் பார்த்து, "என்னம்மா, உன் பிள்ளைக்கு வயிறு சரியாச்சா, இன்னும் கக்கிட்டுத்தான் இருக்கா?" என்று விசாரிப்பார். கடைசியில் திருடன் வீட்டுக்குள்ளேயே இருந்தான். வருகிற அலைகளை அந்தந்த நேரத்தில் திரையில் வரைந்து காட்டுகிற ஜன்னல் ஒன்று உண்டு. அதை வரையப் போகும்போதுதான் கணினி வாங்க மறந்தது. ஜன்னலை மூடினாள். இழப்பு நின்றது. அதற்குப் பின் பதிவு ஓடும்போது திரையில் இருந்தது ஒரே ஒரு வரி: இழப்பு 0.

"கண்ணை மூடிக்கிட்டாத்தான் ஒழுங்கா முழுங்குது அண்ணே," என்றாள்.

"என் பொண்டாட்டி மருந்து குடிக்கிறதும் அப்படித்தான்," என்றார் இழுவையண்ணன்.

அன்று காலை ஒன்பது மணிக்குக் கயிறு எந்திரத்தில் பூட்டப்பட்டதும் பதிவக்கா சென்சார் ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சில் முனையைக் கயிற்றில் வைத்து ஒடித்தாள். அந்தச் சிறு ஒடிசல் நாலு கோட்டிலும் பளிச்சென்று வந்தது. ஜன்னலை மூடினாள். சரிபார்ப்புத் தாளில் பதினாறு வரியிலும் டிக் போட்டாள். எல்லாம் உண்மையான டிக்.

பத்தரைக்குக் கம்பெனிக்காரர் வந்தார். கயிறு செய்த கம்பெனியின் பொறியாளர், மரியாதையான மனிதர், நடையில் இருந்த இருவருக்கும் தலையசைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். "ஒரு எண்கூட விடாம வருதுங்கறீங்க. நல்லது. நாளைக்கு எங்க வக்கீல் என்னைக் கேட்பார், அது உனக்கு எப்படித் தெரியும்னு. நான் என்ன சொல்றது, அந்தம்மா சொன்னாங்கன்னா?"

பதிவக்காவுக்குச் சுருக்கென்றது. மூன்று வாரத் தூக்கம் அந்த 'அந்தம்மா'வில் போய் நின்றது. "உட்காருங்க. காட்டறேன்," என்றாள்.

அந்தக் கார்டுக்குள் ஒரு வசதி உண்டு. வெளியே இருந்து வருவதை விட்டுவிட்டு, தானாகவே பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி அனுப்பும். பதினாறாயிரம் சொச்சம் போனதும் மறுபடி பூஜ்யம். அதே பாதை, அதே வேகம். நடுவில் ஓர் எண் விட்டுப்போனாலும் கணினிக்குத் தெரிந்துவிடும். பதிவக்கா எண்ணிக்கையைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பத்து நிமிஷம் ஓடியது. இழப்பு 0. கம்பெனிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு ஐந்து நிமிஷம் பார்த்தார். இழப்பு 0.

"இதுக்கு மேல கேட்க எனக்கு ஒண்ணுமில்லை மேடம்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த நேரத்தில் கூடத்தின் பின்பக்கக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மெக்கானிக்கையும் மனைவியையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பதிவக்கா திரும்பியபோது மனைவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று பதிவக்கா தலையை ஆட்டிக் காட்டினாள். மனைவியும் ஆட்டினாள். இழுவையண்ணன் மணியை அடித்தார். பதிவக்கா நாற்காலியில் உட்கார்ந்து பதிவைத் தொடங்கினாள். சரிபார்ப்புத் தாள் பக்கத்திலேயே இருந்தது. 'எண்ணிக்கை நிறுத்தப்பட்டதா' என்பது அதில் பன்னிரண்டாவது வரி. ஒன்பது மணிக்குப் போட்ட டிக் அதன் எதிரே இருந்தது.

எண்ணெய்ப் பம்பு உறுமத் தொடங்கியது. இழுவையண்ணன் அவ்வப்போது எடையைக் கூவினார். இரண்டு டன். மூன்று. புதுக் கயிறாக இருந்தால் பத்து டன் தாங்க வேண்டும். நாலு. கயிறு நீண்டு கறுத்து, ஏதோ நினைத்துக்கொண்டதுபோல இலேசாகச் சுழன்றது. ஐந்து. பதிவக்கா கயிற்றைப் பார்க்கவில்லை. பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒன்றாகிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, தாய் காய்ச்சல்மானியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு. ஆறரை என்று இழுவையண்ணன் கூவ வாயெடுக்கும்போது கயிறு அறுந்தது. இரும்புக் கூண்டு முழுக்க அதிர்ந்தது. துருவும் பழைய மசகும் கலந்த புகை ஒன்று எழுந்து விளக்குக்குக் கீழே நின்றது. திரையில் இழப்பு 0.

"புடிச்சுட்டேன்," என்றாள் பதிவக்கா, யாரிடமும் இல்லாமல்.

கோப்பைத் திறந்தபோது ஒரு சாய்ந்த கோடு வந்தது. கீழிருந்து மேலே நேராக ஏறி, செங்குத்தாக விழுந்து, மறுபடி ஏறியது. ரம்பப் பல். முதலில் அளவுகோலைத் தப்பாக வைத்துவிட்டோம் என்று நினைத்தாள். இரண்டாம் சென்சாரைத் திறந்தாள். அதே ரம்பம். மூன்றிலும் நாலிலும் அதுவே. எந்திரத்தின் சொந்தப் பதிவு ஒன்று உண்டு, எடையை மட்டும் ஆற அமரக் குறித்துக்கொள்வது. அதில் கயிறு அறுந்த நேரத்தைப் பார்த்து, தன் கோப்பில் அந்தக் கணத்துக்குப் போனாள். எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்று. அடுத்தது எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அதற்கடுத்தது தொண்ணூற்றுமூன்று. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. ஏழு நிமிஷம் நாற்பது நொடிக்குக் கார்டு தனக்குத்தானே எண்ணிக்கொண்டிருந்ததை, கணினி ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதி வைத்திருந்தது.

கம்பெனிக்காரர் முடிவை எழுத்தில் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார். தலைவர் தன் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு வெகுநேரம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த தொலைபேசி எண்களைப் படித்தார்.

"அறுந்த முனைகளை மைக்ரோஸ்கோப்புல பார்க்கலாமே?"

"பார்க்கலாம் சார். எது எப்படி அறுந்துச்சுன்னு தெரியும். எது முதல்லன்னு தெரியாது."

"சரி. சிக்னல் தெளிவா இல்லைன்னு எழுதிடுவோம்."

"சிக்னலே இல்லை சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன். இல்லாதது எப்படித் தெளிவா இருக்கும்?" அவர் சிரிக்கவில்லை. "பதினெட்டு வருஷம்மா. யாருக்கு வேணா நடக்கும். உண்மையை அப்படியே எழுதினா கயிறு ஒட்டிக்கவா போகுது?"

"தெளிவா இல்லைன்னு எழுதினா பழைய அறிக்கை நின்னுடும் சார். அதுல அவர் மேலதான் தப்புன்னு இருக்கு."

"உண்மையை எழுதினாலும் அதுதான் நிக்கும்."

அது சரிதான். அவள் வெளியே வந்து நடையில் கொஞ்சநேரம் நின்றாள். தன் வேலை, தன் பெயர், நாளைக்கு இந்தக் கூடம் பேசப்போகிற பேச்சு எல்லாம் எங்கோ பின்னால் வரிசையில் நின்றன. முன்னால் நின்றது 'கண்டிப்பா தெரிஞ்சுடும்' என்று தான் சொன்ன வார்த்தை.

அவர்களைப் பக்கத்துச் சிறிய அறையில் உட்கார வைத்திருந்தார்கள். மரமேசை ஒன்று, தண்ணீர்ப் பாட்டில். பதிவக்கா உட்காராமலே சொன்னாள். சொல்லும்போது எதையும் குறைக்கவில்லை. கார்டு, எண்ணிக்கை, கம்பெனிக்காரர் கேட்டது, தனக்கு வந்த வீம்பு, நிறுத்த மறந்தது. மெக்கானிக் கூர்ந்து கேட்டார். எந்திரக்காரர் அல்லவா, அவருக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. மனைவிக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று.

"மறுபடி இழுக்க முடியாதா?"

"கயிறு இல்லைங்க."

"வேற கயிறு?"

"அது வேற கயிறுங்க."

மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். "அப்ப தெரியாது," என்றாள்.

"தெரியாதுங்க."

"இன்னைக்குத் தெரியாதா, எப்பவுமே தெரியாதா?"

"எப்பவுமே." குரல் உடைந்துவிடும்போல இருந்தது. உடைய விட்டால் அவர்கள் தன்னைத் தேற்ற வேண்டிவரும் என்று விடாமல் பிடித்துக்கொண்டாள். "என் தப்புதாங்க. அறிக்கையில அப்படித்தான் எழுதுவேன்."

மெக்கானிக் தண்ணீர்ப் பாட்டிலை ஓரமாக நகர்த்தினார். "நான் கேட்டேன் மேடம்," என்றார்.

"என்ன கேட்டீங்க?"

"சத்தத்தை. மொத்தமா போறதுக்கு முன்னாடி உள்ளுக்குள்ள தொம்மு தொம்முன்னு வந்துச்சு. அப்புறம்தான் வெளியில படபடன்னு போச்சு. நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. உங்களுக்குக் கேட்கலையா?"

மனைவி தலையை நிமிர்த்திப் பதிவக்காவைப் பார்த்தாள்.

பம்பு உறுமிக்கொண்டிருந்தது. அவர் நின்றதோ கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம். மனிதக் காதுக்கு அந்த வித்தியாசம் எட்டுமா என்பதே சந்தேகம். எட்டினாலும், உயிர் போகிற அளவுக்கு ஒன்று வேண்டியிருக்கிறவன் காது அதைத்தான் கேட்கும். இதெல்லாம் பதிவக்காவுக்குத் தெரியும். 'ஆமாம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்பதும் தெரியும். சரிபார்க்க உலகத்தில் யாராலும் முடியாது. அந்தப் பெண் கோர்ட்டு கேட்கவில்லை, ஒரு வீட்டைத்தான் கேட்டாள். சொல்லிவிட்டால் இன்றைக்கு இருவரும் பேசிக்கொண்டே பஸ்ஸில் போவார்கள். சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லைங்க," என்றாள். "நான் கேட்கலை. நம்பரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

மெக்கானிக் தலையை ஆட்டினார். இதைத்தான் எதிர்பார்த்தவர்போல, கோபமில்லாமல் ஆட்டினார். அது தாங்க முடியாமல் பதிவக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்த ஏதோ ஒரு தாளை எடுத்துத் திருப்பி வைத்தாள்.

"எப்படி இருந்துச்சுன்னு தட்டிக் காட்டுங்க," என்றாள்.

"இதுலயா?"

"ஆமா. உங்களுக்கு ஞாபகம் இருக்கிறபடி. இது சாட்சிக்கெல்லாம் ஆகாது. சும்மா என் கையால எழுதி வைக்கிறேன்."

அவர் சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டு, முஷ்டியின் அடிப்பாகத்தால் மேசையில் குத்தினார். மெதுவாக, மழுங்கலாக மூன்று. ஒரு மூச்சு விட்டு, நகத்தால் சடசடவென்று தட்டி, உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி. பதிவக்கா மூன்று கட்டைக் கோடு போட்டு, பக்கத்தில் புள்ளிகள் வைத்து, நீளமாக ஒரு கோடு இழுத்தாள்.

"இன்னொரு தடவை."

இந்த முறை நாலு குத்து. நகத்தின் சடசடப்பு கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. அவள் அதற்குக் கீழே அதையும் எழுதினாள். மூன்றாம் முறை இரண்டு குத்தோடு நிறுத்தி, இல்லை இல்லை என்று தலையாட்டி, முதலிலிருந்து தொடங்கி மறுபடி நாலு குத்தினார். நெற்றியில் வியர்த்திருந்தது. அவளுடைய பேனா நாலைந்து வரிக்கு வந்துவிட்டது. ஒரு வரிபோல மறுவரி இல்லை.

"மொதல்ல மூணுதானே தட்டுனீங்க," என்றாள் மனைவி.

மெக்கானிக் நிமிர்ந்தார். அவள் பதிவக்காவைப் பார்க்கவில்லை, அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தன் கையைத் தானும் பார்த்தார்.

"மூணா, நாலா?" என்றாள் அவள். "நல்லா யோசிச்சுத் தட்டுங்க."

வெளியே கூடத்தில் இழுவையண்ணன் கம்பித் துணுக்குகளைக் கூட்டிப் பெருக்கும் சத்தம் சிமெண்டுத் தரையில் கரகரத்துக்கொண்டிருந்தது. மனைவி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவிலேயே முதுகை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மெக்கானிக்கின் முஷ்டி மேசைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. பதிவக்கா தாளில் பேனாவை ஊன்றிக் காத்திருந்தாள்.